நாற்பது பக்கத்தில் இல்லாதது

ஒரகடம்
18.8.2025

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

கண் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் திரையையே பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு ஆபீஸே சிரிக்கிறது. கம்ப்யூட்டரைப் பார்க்காத அம்சவல்லியா!

ஒரு விஷயம். போனில் சொன்னால் திட்டுவீர்கள் என்று கடிதமாக எழுதி, கம்பெனி பஸ் ஓட்டும் நடேசன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். என்னை டெக் லீட் ஆக்கிவிட்டார்கள் அக்கா. உங்களுக்கு வர வேண்டியது, நீங்கள் லீவில் இருக்கும்போது எனக்கு வந்துவிட்டது. ஐந்து பேருக்கு நான் தலைவியாம். ஒருத்தருக்கும் என்னிடம் பயமில்லை. ஃபாக்டரியில் லைன் நின்றால் எல்லாரும் உங்கள் காலி நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு பாகத்தின் நம்பரையும் கேமரா படிக்கிறது, படிக்க முடியாவிட்டால் லைனை நிறுத்துகிறது. அந்த ப்ரோகிராமைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. எழுதித் தருவீர்களா?

உங்கள் அன்புத் தங்கை,
பிரவீனா

சுங்குவார்சத்திரம்
4.9.2025

என் பிரவீனாவுக்கு,

அடி கள்ளி! பொறாமை இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துவிடும். ஒரு பகல் முழுக்கப் பொறாமைப்பட்டேன். அப்புறம், வேறு யாரோவா, நம் பிரவீனாதானே என்று மனசு ஆறிவிட்டது.

கேட்டதை எழுதியிருக்கிறேன், நாற்பது பக்கம். ஒற்றைக் கண்ணால் எழுதியது, வரி கோணலாக இருந்தால் கோபிக்காதே. ஆயுத பூஜை சமாச்சாரம் ஒன்று மட்டும் பாக்கி. அதை எழுதி வைத்தால் மேலே யாராவது படித்துவிட்டு பூஜையையே நிறுத்தச் சொல்வார்கள். நேரில் சொல்கிறேன்.

இனி எதற்கெடுத்தாலும் நீயே கீபோர்டில் கை வைக்காதே. அவர்கள் தப்பு செய்யட்டும். பழி வந்தால் நீ வாங்கிக்கொள். லீட் என்றால் அதுதான்.

நம் ஷாரோனைப் பார்த்துக்கொள். நான் சிபாரிசு செய்து சேர்த்த பெண், அப்பா இல்லாத பிள்ளை, குரலை உயர்த்தினாலே கண் கலங்கிவிடுவாள்.

விழித்திரை விலகாமல் இருக்கக் கண்ணுக்குள் விட்ட எண்ணெயை எடுக்க நவம்பரில் இன்னொரு ஆபரேஷன். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருப்பதால் கவலை இல்லை. நடேசன் அண்ணன் கிண்டல் செய்கிறார்: "ஒரே ஆபீஸ்ல கீறவங்க, இன்னாம்மா இது, லவ்வருங்க மாதிரி லெட்டர் போட்டுக்கினு!"

அன்புடன்,
அம்சா அக்கா

ஒரகடம்
22.9.2025

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

நாற்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். உங்களைப் போல யாராலும் எழுத முடியாது.

டீமில் ஒருத்தரைக் குறைக்க வேண்டும், லீட்தான் பெயர் தர வேண்டும் என்றார்கள். ஐந்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற நான்கு பேரும் தினமும் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் முகத்தைத்தான் நான் பார்க்க வேண்டியதில்லை. அதனால் உங்கள் பெயரைச் சொன்னேன். உங்கள் நாற்பது பக்கத்தைக் காட்டித்தான் சொன்னேன், இனி இவர் இல்லாவிட்டாலும் லைன் ஓடும் என்று.

இன்ஷூரன்ஸ் இந்த மாதக் கடைசியோடு நிற்கிறதாம். நவம்பர் வரைக்காவது கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், நம்புங்கள். உங்கள் டிபன் பாக்ஸும் ஸ்வெட்டரும் நடேசன் அண்ணனிடம் இருக்கின்றன.

பிரவீனா

ஒரகடம்
3.10.2025, பகல் 1 மணி

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். பூஜை லீவு முடிந்து காலை ஆறு மணிக்கு லைனைப் போட்டோம். பதினான்காவது கேமரா ஒரு நம்பரைக்கூடப் படிக்கவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் லைன் நிற்கிறது. ப்ரோகிராமை வரி வரியாகப் பார்த்துவிட்டோம். பூஜை சமாச்சாரம் என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன?

சாயங்காலத்துக்குள், இதற்குப் பொறுப்பு யார் என்று ஒரு பெயர் தர வேண்டுமாம். என் வேலையே போய்விடும் போலிருக்கிறது. உங்கள் காலில் விழுகிறேன் அக்கா.

பிரவீனா

சுங்குவார்சத்திரம்
3.10.2025

டெக் லீட் பிரவீனா அவர்களுக்கு,

நான் இல்லாவிட்டாலும் லைன் ஓடும் என்று சொன்ன வாய் உன் வாய்தானே? ஓட்டு.

என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். இன்று காலை இது நடக்கும் என்பதும் தெரியும். ஆறு மணி ஆகட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும் என்று நினைத்ததே இல்லை. சொல்ல மாட்டேன்.

பெயர் கேட்கிறார்களா? சொல்லேன். உனக்குக் கைவந்த வேலையாயிற்றே. இந்தத் தடவையாவது முகத்தைப் பார்த்துச் சொல்.

"பதிலு இன்னான்னு கேட்டாங்கம்மா, அழுதுகினு கீது அந்தப் பொண்ணு" என்று நடேசன் அண்ணன் வாசலில் நிற்கிறார். அழட்டும்.

அம்சவல்லி

ஒரகடம்
4.10.2025

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

லைன் ஓடுகிறது. நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டிப் பெருக்க வந்த மரகதம்தான் கண்டுபிடித்தாள். "இன்னாம்மா, கேமரா கண்ணாடில சந்தனமும் பொட்டும் வெச்சது அப்படியே காஞ்சு கீது? வருஷா வருஷம் அம்சாம்மா மொத ஆளா வந்து முந்தானையால தொடைப்பாங்களே!" ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம் ப்ரோகிராமையே தோண்டிக்கொண்டிருந்தோம். ஒருத்தரும் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஆனால் உங்கள் பதில் வந்தது நாலு மணிக்கு. பூஜைக்கு முன்னால் அந்த ப்ரோகிராமில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று மேலே கேட்டார்கள். ஷாரோன். நீங்கள் எழுதியபடியே முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மரகதம் வருவதற்கு முன்பே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பழியை நீ வாங்கிக்கொள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது என்னால் முடியவில்லை. இப்போது திரும்பக் கூப்பிட்டால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும். கூப்பிடப் போவதில்லை.

அவள் அடையாள அட்டையைக் கழற்றும்போது நான் சொன்னேன், "உன் அம்சா அக்காவுக்கு இது தெரியும் ஷாரோன், சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று. அவள் நம்பவில்லை. "சும்மா இருங்க மேடம். அக்காவுக்குத் தெரிஞ்சா சொல்லாம இருப்பாங்களா?" என்றாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் உங்களைப் பார்க்க வருகிறாள். நவம்பர் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பாளாம், இனி தனக்கு வேலை இல்லையே என்று சொன்னாள். பொட்டு விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
பிரவீனா