அயிரைக்குச் செதில் உண்டா?

இன்று காலை பரவைச் சந்தையில் ஒருவர் அலுமினிய அண்டாவில் அயிரை மீன் வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் கண்மாய்ச் சேற்றின் வாடை முகத்தில் அடித்தது. "எம்புட்டு வேணும்க்கா?" என்று அவர் கேட்டது இரண்டாம் முறைதான் காதில் விழுந்தது. நீ போய்ச்சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மீனைப் பார்த்தால் உன் நினைவு வருகிறது என்றால் நீயே சிரிப்பாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் காளவாசலில் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். நீ காதலித்து மணந்துகொண்டு, உன் வீட்டுக்காரரின் சபையில் சேர்ந்திருந்தாய். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடும் சபை. துடுப்பும் செதிலும் உள்ள மீனைத்தான் உண்ணலாம். இறாலும் நண்டும் கூடவே கூடாது. எனக்கு இது தீராத சுவாரசியம். "விரால்?" என்பேன். "செதில் இருக்குல்ல, சாப்பிடலாம்." "கெளுத்தி?" "வழுவழுன்னு கெடக்கும், கூடாது." ஏன் என்று துருவியபோது, "நீங்க புரட்டாசியில ஏன் மீன் வாங்குறதில்ல?" என்று திருப்பிக் கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. அதன்பின் ஏன் என்பதை விட்டுவிட்டு, எது எது என்று மட்டும் நச்சரித்தேன்.

உனக்கு ஏழாம் மாதம். கல்யாணத்திலிருந்து உன்னோடு பேசாமலிருந்த உன் அம்மா, உசிலம்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் தூக்குவாளி, அதில் உயிரோடு அயிரை. நீ ஆசைப்பட்டுத் தின்ற மீன் என்று தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தார். "இதுக்குச் செதில் இருக்காம்மா?" என்று நீ கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஏன்டி, எம்புட்டு அயிரை தின்னு வளந்தவ! அப்பக் கேக்காத செதில இப்பக் கேக்குறியா? இன்னைக்கு நீ சாப்பிடலேன்னா இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

நீ என் வீட்டுக்கு மூச்சு வாங்க ஓடி வந்தாய். "ஒங்கிட்ட இருக்குற லென்ஸை எடுத்துட்டு வா. ஆனா ஒண்ணு, எனக்காகப் பொய் சொல்லிறாத."

உள்ளங்கையில் ஒரு மீனை வைத்துப் பார்த்தேன். வழுவழுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நான் ஆக்கி வச்சிட்டுப் போறேன். தின்னாத் தின்னு, இல்லாட்டி நாய்க்கு ஊத்து" என்று உன் அம்மா மண்சட்டியில் கல் உப்பை அள்ளிப் போட்டு மீனை உரசத் தொடங்கினார். அயிரையை நம் பக்கம் அப்படித்தான் கழுவுவோம், வழுவழுப்பு போகும்வரை. கோபத்தில் அன்று இன்னும் அழுத்தி உரசினார். நுரை நுரையாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நேரம் நான் பார்த்தது அந்த வழுவழுப்பைத்தானே! அலசிய மீன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெயிலுக்கு ஓடினேன். தோலோடு ஒட்டி, தூசி அளவில், பொட்டுப் பொட்டாகச் செதில்.

"இருக்குடி! இருக்கு!" என்று கத்தினேன். நீ லென்ஸை வாங்கி வெகுநேரம் குனிந்திருந்தாய். "ஆமா, தெரியுது" என்றாய். உன் அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இருந்தாச் சரி" என்று மிளகாய் அரைக்க உட்கார்ந்தார். குழம்பை நீ இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோது அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரசவத்துக்கு அவரேதான் உன்னைக் கூட்டிப்போனார்.

உன் மகள் கல்யாணத்தன்று, பந்தி முடிந்து இருவரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னாய்: "அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலடி. கண்ணு பூரா தண்ணி. நீ இருக்குன்ன. நீ பொய் சொல்ல மாட்டேன்னு சாப்பிட்டேன்."

கடவுளுக்குப் பயந்து நீ காத்த ஒன்றை என் கண்ணை நம்பி ஒப்படைத்திருக்கிறாய். பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவ்வளவு நம்பிக்கையை வேறு யாரும் என் மேல் வைத்ததில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வருவதில்லை.