மழைக்காலத்துப் பால்

நுவாக்சோத்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தெஸ்லெம் அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் கூடாரத்துக்கும் ஆடுமாடுகளுக்கும் இறைவன் குறை வைக்காதிருக்கட்டும். உங்கள் பக்கம் இந்த வருஷம் நல்ல மழை என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். பால் பெருகியிருக்கும். அதுதான் எனக்குக் கவலை.

போனில் சொன்னால் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால் மாமா மகன் மவ்லூத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் மூத்தவள் தெக்பருக்குப் பிள்ளை தங்கவில்லை. எட்டாம் மாதம், ஆண் குழந்தை. வியாழக்கிழமை காலை அசைவே இல்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். புண் ஆறவில்லை. துணிக்கடையைப் பூட்டிவிட்டு அவள் பக்கத்திலேயே இருக்கிறேன்.

நீ கண்ணேறு என்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கரு நிற்காதபோது தாயத்துக்கு அலைந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் விலக்கு வந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மா என்னை உட்காரவைத்து எல்லாம் சொன்னார். உடம்பு அளவுக்கு மீறிப் பெருத்தால் விலக்கு தடுமாறுமாம், கரு நிற்பது கஷ்டமாம். நின்றாலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறித் தாய் பிள்ளை இருவருக்குமே ஆபத்து கூடுமாம். கொஞ்சம் இளைத்தாலே அடுத்ததற்கு நல்லதாம். நான் சண்டைக்குப் போனேன். “எங்க வீட்டுப் பொண்ணு என்ன, பட்டினி கிடந்து வளர்ந்தவளா?” என்றேன். “அது பார்த்தாலே தெரியுதும்மா. இவளுக்கு இப்படித் திணிச்சது யாரு?” என்று கேட்டார்.

திணித்தது நீ, அனுப்பியது நான். நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும், பாலைப் புகட்டிப் பருக்கவை என்று எட்டு வயதில் அவளை உன்னிடம் விட்டேன். வாந்தியெடுத்தால் மறுபடி குடிக்கவைத்தாய். கிண்ணம் காலியாகும்வரை கால்விரல்களைக் குச்சிகளுக்கு நடுவே வைத்து நெரித்தாய். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. பதினாலு வயதில் அவள் கடைத்தெருவுக்கு வந்தபோது, “ஏய், வழி விடுங்கடி! மஹ்ஜூபாவோட சொத்து நடந்து வருது!” என்று பெண்கள் என் பேரைச் சொல்லிக் கூவினார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களுக்கு வெட்டுவதைவிட அவள் மேலாடைக்கு ஒரு முழம் கூட்டி வெட்டும்போது அப்படியொரு பெருமை. நடைபாதையில் துணி விரித்து மேலே வந்தவள் நான். மகள் மெலிந்திருந்தால் என் பழைய ஏழ்மை வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

தெக்பர் உண்டானதும், பார்த்தாயா எல்லாம் பலித்துவிட்டது என்று குதித்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் சின்னவள் மென்னாவையும் போன மாதம் உன்னிடம் கொண்டுவந்து விட்டேன்.

நேற்று தெக்பர் வாய் திறந்தாள். “மென்னா இப்ப எத்தனை கிண்ணம் குடிக்கிறாம்மா?” என்றாள். அவ்வளவுதான். பிள்ளையை எங்கே அடக்கினோம் என்றுகூடக் கேட்கவில்லை.

“ஒல்லிக்குச்சியை எவன்டி கட்டுவான்? பட்டணத்துப் புத்தி!” என்று நீ கத்துவது இங்கேயே கேட்கிறது. கட்டாவிட்டால் போகட்டும். ஊர் கேட்டால் மஹ்ஜூபாவுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிடு. உன்மேல் பழி போட எழுதவில்லை அக்கா. நீ செய்ததெல்லாம் நான் கேட்டுச் செய்ததுதான்.

மவ்லூத்தும் அவன் மனைவியும் அங்கே ஒரு நாள்தான் தங்குவார்கள். மென்னாவை அவர்களோடு வண்டியேற்றிவிடு. புறப்படும் காலையில் பாலை அவள் வாயருகே கொண்டுபோகாதே. வேண்டுமா என்று மட்டும் கேள். அவள் வேண்டாம் என்று சொன்னால், உன் கையை இறைவன் அங்கேயே நிறுத்தட்டும்.

உன் தங்கை,
மஹ்ஜூபா