இரண்டாவது கையெழுத்து

பலெர்மோ
20.01.2022

அன்புள்ள மலருக்கு,

நானும் பிறின்சும் சுகம். அங்கே உம்முடைய அக்கா எழுந்து நடமாடுகிறாவா? அவவின் வருத்தத்தைப் பார்க்க மூன்று மாதம் என்று சொல்லிப் போனீர். இரண்டரை வருடமாகிறது.

போன் எடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் இருவரும் கத்தத் தொடங்கிவிடுகிறோம். கடிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. இதோடு ஒரு படிவம் வருகிறது. அதற்கு மையால் வைத்த கையெழுத்துத்தான் வேண்டுமாம். படம் பிடித்து அனுப்பினால் ஏற்கமாட்டார்கள்.

வடக்கே பொலோஞ்ஞாவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அணி பிறின்சை எடுக்க ஆயத்தமாக இருக்கிறது. இந்த வருடம் முழுவதும் இத்தாலியத் தேசியப் பந்தயங்களில் அவர்களுடைய மோட்டார் சைக்கிளில் ஓடுவான். பதினைந்து வயதுப் பிள்ளை என்பதால் தாய், தகப்பன் இருவரும் சம்மதம் எழுதவேண்டும். முதலாவது கோட்டில் நான் வைத்துவிட்டேன். இரண்டாவது உம்முடையது. மார்ச் பதினைந்துக்கு முன் அவர்கள் கையில் இருக்கவேண்டும்.

நீர் என்ன சொல்வீர் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்து வாசியும். நான் இருபத்து நான்கு வருடமாகப் பொலிதேயாமாப் பகுதி வீடுகளில் மாடிப்படி கழுவுகிறேன். எங்கள் கோயிலுக்கு வருகிற பெடியளை நினைத்துப் பாரும். இங்கே பிறந்து, இங்கே படித்து, வெள்ளைக்காரனைவிட நன்றாக இத்தாலியன் கதைத்து, கடைசியில் மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக்கடைகளில் கோப்பை கழுவுகிறார்கள். தகப்பன் படி, மகன் கோப்பை. பிறின்ஸ் தொடங்கியதும் வெள்ளைக்காரருடைய குப்பையிலிருந்துதான். நான் படி கழுவுகிற வீட்டுச் சட்டத்தரணி, தன் மகனுக்கு அலுத்துப்போன குட்டி மோட்டார் சைக்கிளை எறியப்போவதாகவும் வேண்டுமென்றால் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார். ஆறு வயதில் அதில் ஏறியவன். இன்று இந்தச் சிசிலித் தீவில் அவன் வயதில் அவனை முந்த ஒருவனும் இல்லை. இது நான் சொல்வதல்ல, பத்திரிகை சொல்வது.

கையெழுத்து வைத்து அனுப்பும். அவனும் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறான்.

உம்முடைய
அகஸ்ரின்


பேசாலை
22.02.2022

பிறின்சின் அப்பாவுக்கு,

படிவம் கிடைத்தது. வந்தபடியே திருப்பி வைத்திருக்கிறேன். நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

இங்கே ஸ்ரீலங்கா முழுவதும் மண்ணெண்ணெய் இல்லை. அண்ணாவின் படகு ஒன்பது நாளாகக் கரையில் கிடக்கிறது. சனம் கானைத் தூக்கிக்கொண்டு விடியவே வரிசைக்குப் போகிறது. நீங்கள் அங்கே பெற்றோலை எரித்து, சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிற ஒரு விளையாட்டுக்கு என் பிள்ளையைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

கோப்பை கழுவுகிற பெடியள் வேலை முடிய வீட்டுக்கு வருகிறார்கள். அது உங்களுக்குக் குறைவாகத் தெரிகிறது. படி கழுவுவது உங்களுக்கு வெட்கம். எனக்கு இல்லை. வீட்டுக்காரச் சிஞ்ஞோரா வேலையால் நிற்பாட்டிவிடுவா என்று ஏழாம் மாதம் வரை ஏப்ரனால் வயிற்றை மறைத்துக்கொண்டு அந்த வீட்டு யன்னல்களைத் துடைத்தேன். அப்படிப் பெற்ற பிள்ளை அவன். உங்களுடைய வெட்கத்தைத் தீர்க்கப் பெறவில்லை.

நான் ஏன் வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அவன் தோளெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மயக்கம் தெளிய முதலே நீங்கள் டொக்டரிடம் கேட்டது என்ன? "எப்ப திரும்ப ஓடலாம்?" அதைக் கேட்ட பிறகுதான் நான் சூட்கேசை இறக்கினேன். அக்காவின் வருத்தம் ஒரு சாட்டு. அவனை அதிலிருந்து இறக்கினால் திரும்பி வருவேன் என்றேன். நான் போன முதல் ஞாயிறே நீங்கள் இரண்டு பேரும் ஓட்டத் தடத்துக்குப் போனீர்கள். பிறகு கொரோனா வந்தது, வருடம் கடந்தது, என்னுடைய வதிவிடப் பெர்மெஸ்ஸோவும் செத்துப்போனது.

அவனை என்னோடு கோபிக்கச் சொல்லுங்கள். பரவாயில்லை. கோபிக்கிற பிள்ளை உயிரோடு இருக்கும்.

றோசமலர்


பலெர்மோ
30.03.2022

அன்புள்ள மலருக்கு,

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். உம்முடைய கையெழுத்தை நானே வைத்துவிட்டேன்.

நாங்கள் இருக்கிற இந்தக் கால்சா வீட்டின் பழைய வாடகை ஒப்பந்தத்தில் நீர் வைத்த கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்து சவர்க்காரக் கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பழகினேன். உம்முடைய 'ற' வயிறு பெருத்து நிற்கும். எனக்கு அது வரவேயில்லை. பதினாறாவது தரம் வந்தது. அந்த நேரம் பிறின்ஸ் உள்ளே வந்துவிட்டான். "அம்மா ஓமெண்டிட்டாவோ?" என்று கேட்டான். நான் "ஓம்" என்றேன். இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அவன் உமக்குப் போன் எடுத்து நன்றி சொன்னபோது நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். இப்போது சொல்லப்போகிறீர், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். "ஓம் ராசா, கவனமா ஓடு" என்றீர். பிறகு அவனுடைய சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்கமாட்டேன். கேட்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் எனக்கு ஒரு வரி எழுதும். ஏசியாவது எழுதும்.

உம்முடைய
அகஸ்ரின்


பலெர்மோ
24.06.2024

அன்புள்ள மலருக்கு,

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு நான் உமக்கு எழுதும் ஏழாவது கடிதம் இது. முன்னைய ஆறுக்கும் நீர் பதில் எழுதவில்லை. ஞாயிறுகளில் பிறின்சோடு கதைக்கிறீர், அது போதும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

அவன் இதையெல்லாம் உமக்குச் சொல்லியிருப்பான். ஆனாலும் நானும் சொல்லவேண்டும் போலிருக்கிறது. மார்ச்சில் பதினெட்டு முடிந்தது. நகரசபைக் கொமூனேயில் போய்ச் சத்தியம் செய்து இத்தாலியப் பிரசை ஆனான். இங்கே பிறந்தவனுக்கு, இங்கேதான் இருந்தேன் என்று காட்டப் பதினெட்டு வருடத்துப் பள்ளிக்கூடக் கடதாசியும் தடுப்பூசி அட்டையும் கட்டுக் கட்டாகக் கொண்டுபோகவேண்டியிருந்தது. அடுத்த மாதமே அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. முன்னைய வருடங்களில் பதினான்காவது, ஒன்பதாவது. இந்த மாதம் முஜெல்லோப் பந்தயத்தில் மூன்றாவது. மேடையில் ஏறினான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் அவனைவிட ஒரு முழம் உயரம். ஆனால் அவன் குனியவில்லை.

பலெர்மோப் பத்திரிகை அரைப் பக்கத்தில் படம் போட்டு "கால்சாவின் இளவரசன்" என்று எழுதியது. அடுத்த நாள் நான் படி கழுவிக்கொண்டிருந்தபோது அந்தச் சட்டத்தரணி இறங்கி வந்தார். இவ்வளவு காலமும் வாளியைத்தான் பார்த்து நடந்த மனிசன். அன்று நின்று என் தோளில் தட்டி, அந்த முதல் மோட்டார் சைக்கிள் தான் கொடுத்தது என்பதைப் பத்திரிகைக்காரரிடம் சொல்லச் சொன்னார். நான் ஓம் என்றேன். சொல்லவில்லை.

மலர், நான் செய்தது பிழைதான். ஆனால் அவனைப் பாரும். இப்போதாவது சொல்லும், முழுவதும் பிழையா?

உம்முடைய
அகஸ்ரின்


பலெர்மோ
02.09.2025

அன்புள்ள மலருக்கு,

பிறின்ஸ் உமக்குச் சொல்லாததை நான் எழுதவேண்டியிருக்கிறது.

மே மாதம் விழுந்தது சின்னக் காயம் என்றுதான் சொல்லியிருப்பான். போனில் முகம் மட்டும் தெரியப் பிடிப்பதைக் கவனித்திருப்பீர். மழை விட்டு ஈரம் காயாத வளைவு. இவன் சறுக்கினான், பின்னால் வந்தவனுக்கு விலக இடமில்லை. கழுத்திலிருந்து வலது கைக்குப் போகிற நரம்புகள் வேரோடு பிடுங்கப்பட்டுவிட்டன. இரண்டு சத்திரசிகிச்சை செய்தார்கள். கை இருக்கிறது, மலர். வெட்டவில்லை. ஆனால் அது இனி அசையாது என்று போன வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்கள்.

அணிக்காரர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்தார்கள். முதல் தரம் பூவோடு, மற்றத் தரம் ஒப்பந்தத்தை முடிக்கிற கடதாசியோடு. அவனுடைய மோட்டார் சைக்கிளில் இப்போது ஒரு பதினேழு வயதுப் பெடியன் ஓடுகிறான். அதே பத்திரிகை கடைசிப் பக்கத்தின் அடியில் நான்கு வரி எழுதியது: "ஸ்ரீலங்கா ஓட்டுநர் படுகாயம்." வென்றால் கால்சாக்காரன். விழுந்தவுடன் திரும்பவும் எங்களிடம் தந்துவிட்டார்கள்.

அவனுக்கு மொண்டெல்லோவில் கோப்பை கழுவவும் இனி முடியாது. இதை எழுதும்போது நீர் என்ன நினைப்பீர் என்று எனக்குத் தெரியும். நினையும்.

எழுதுவதா விடுவதா என்று மூன்று மாதம் யோசித்தேன். அவன் எழுதவேண்டாம் என்றான். காரணத்தையும் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் பேனையை எடுத்தேன். "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ அப்பா. தான் கையெழுத்து வைச்சதாலதான் எண்டு நினைச்சு அழுவா."

அகஸ்ரின்


பேசாலை
19.10.2025

பிறின்சின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு கிழமை ஒன்றும் எழுத முடியவில்லை. அழுகை அல்ல. அழுகை வரவேயில்லை.

மூன்றரை வருடமாக உங்களை ஏசி எழுத வைத்திருந்த சொற்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு கடிதம் வரும்போதும் பேனையை எடுப்பேன். கள்ளன் என்று தொடங்குவேன். அடுத்த வரி எழுத முடியாது. ஏனென்றால் அந்த ஞாயிறு அவன் போனில் சிரித்தான். நான் இங்கே வந்த பிறகு அவன் என்னோடு சிரித்துக் கதைத்தது அதுதான் முதல் தரம். அதற்கு முன்னெல்லாம் ஓம், இல்லை, சாப்பிட்டிட்டன், அவ்வளவுதான். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு அன்றோடு நின்றிருக்கும், அவனுடைய ஓட்டமும் அன்றோடு நின்றிருக்கும். எனக்குத் தெரிந்துதான் ஓம் என்றேன். சிரிப்பை எடுத்துக்கொண்டேன். நீங்கள் கடதாசியில் வைத்தது என் கையெழுத்தல்ல. அந்த ஓம்தான் நான் வைத்தது.

ஆகவே அவன் சொன்னது பிழையில்லை. நான் அழவேண்டியவள்தான்.

நான் வருகிறேன். பிறின்சோடு கதைத்துவிட்டேன், அவன்தான் விசாவுக்கு என்னைக் கூப்பிடுகிறான். பதினேழு வருடம் அந்த ஊரைத் துடைத்தவள், இப்போது மகனில் தங்கி வாழ்பவள் என்று நிரூபிக்கவேண்டுமாம். நிரூபிக்கிறேன். வீடு இப்போது உங்கள் பெயரில் மட்டும் இருப்பதால் நான் அங்கே இருக்க உங்கள் சம்மதமும் எழுத்தில் வேண்டுமாம். அதைக் கொடுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். நான் வரும்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்கவேண்டாம். இது தண்டனை அல்ல. அவனை நான் பார்ப்பேன். உங்களையும் சேர்த்துப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் செய்ததுதான் எதிரே இருக்கும். அதோடு ஒரே மேசையில் இருந்து அவனுக்குச் சோறு போட என்னால் முடியாது.

கையெழுத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். சொன்னால் தாய் சம்மதிக்கவும் இல்லை, தகப்பன் பொய்யன் என்று ஆகும். ஒரு கை போனது போதும்.

றோசமலர்


பலெர்மோ
08.02.2026

அன்புள்ள மலருக்கு,

விசா கிடைத்ததாகப் பிறின்ஸ் சொன்னான். நீர் புறப்பட முதல் இது கையில் கிடைக்கவேண்டும் என்று வேகத் தபாலில் போடுகிறேன்.

மொண்டெல்லோவில் படுக்கையில் இருக்கும் ஒரு வயோதிபரைப் பார்க்கிற வேலை எடுத்திருக்கிறேன். அங்கேயே தங்கவேண்டும். மார்ச் முதலாம் திகதி போகிறேன். நீர் நான்காம் திகதி வாறீர். பிறின்ஸ் கேட்டான், "அம்மா வாற நேரம் பார்த்து ஏன் போறியள்?" இப்படி வேலை பிறகு அகப்படாது என்றேன். நம்பினான் என்று சொல்லமாட்டேன்.

வீட்டுத் திறப்பு கீழ்வீட்டுக் கிளறாவிடம் இருக்கும். படியில் வெளிச்சம் இல்லை, மூன்றாம் மாடி, பார்த்து ஏறும். உம்முடைய சூட்கேசைத் தான் தூக்குவேன் என்று அடம்பிடிப்பான். சின்னதைக் கொடும்.

அந்தக் கையில் தொட்டால் தெரியாது. ஆனால் வலிக்கும். நெருப்பில் வைத்ததுபோல என்கிறான். வலி வரும்போது துவாயைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். ஒன்றும் கேட்கவேண்டாம். பத்து நிமிடத்தில் போய்விடும். இறைச்சியைச் சின்னத் துண்டாக வெட்டியே சமையும், கோப்பையில் வைத்து அவனுக்கு முன்னால் வெட்டவேண்டாம். காலையில் இடது கையால் எழுதிப் பழகுகிறான். அந்தக் கொப்பியைத் திறக்கவேண்டாம். பந்தயம் நடக்கிற ஞாயிறுகளில் சத்தத்தை நிறுத்திவிட்டு ரீவி பார்ப்பான். பக்கத்தில் போய் இருக்கவேண்டாம், ரீவியை நிறுத்தவும் வேண்டாம். கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவான், ஆனால் சனம் போன பிறகு.

சேர்ட்டுக்குப் பொத்தான் போட அவனுக்கு ஏழு நிமிடம் வேண்டும். பொத்தான் இல்லாத உடுப்பு வாங்கிக் கொடுத்தேன், போடமாட்டேன் என்கிறான். ஒருநாள் பொறுக்காமல் உள்ளே போய் நானே போட்டுவிட்டேன். சும்மா நின்றான். நான் போட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

அறைக்கு வெளியே நில்லும். பொத்தான் நகத்தில் வழுக்குகிற சத்தம் கேட்கும். பிறகு ஏசுகிற சத்தம் கேட்கும், சிசிலியன் தூசணம், உமக்கு விளங்கும். விளங்காதது போல நில்லும். முடிந்த பிறகு அவனே கதவைத் திறப்பான்.

பிறின்சின் அப்பா