ஒரு சாண் நாடா

அஹ்வாஸ்,
ஆபான் 14, 1364 (நவம்பர் 1985)

அன்புள்ள எஷ்ரத்துக்கு,

நீயும் நஸ்ரினும் பச்சைக் குழந்தையும் இறைவன் காவலில் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குக் காமாலை இறங்கிவிட்டதென்று மாப்பிள்ளை சொன்னார். வயிற்றில் பால் வார்த்தார். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். கத்திரிக்காய் வதக்கல் மூன்று முறை தீய்ந்தது, நான்காம் முறை தீய்ந்ததையே சாப்பிடப் பழகிக்கொண்டேன். போன வாரம் ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு குண்டுகள் விழுந்தன. நம் தெருவில் கண்ணாடிகள் மட்டும்தான் உடைந்தன.

இதைத் தபாலில் போடாமல் பேருந்து ஓட்டும் மாஷாஅல்லாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். நஸ்ரின் பக்கத்தில் இல்லாதபோது படி. பிள்ளை பெற்ற உடம்புக்காரி இதைக் கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை தொலைபேசியில், யதுல்லா வந்தானா என்று கேட்டாய். இன்னும் இல்லை என்றேன். அது பொய். அன்று காலையிலேயே வந்துவிட்டுப் போய்விட்டான். நம் பிள்ளை ஷாபூர் காணாமல் போன அதே போர்முனையில் பிடிபட்டு, இராக் முகாமில் மூன்று வருடம் கிடந்து, கால் அழுகிப் போனதால் திருப்பி அனுப்பப்பட்டவன். அவனைத் தேடி நீ எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினாய் என்று எனக்குத் தெரியும். அவன் வந்த நேரத்தில் நீ இல்லை, நான் இருந்தேன். அதுதான் நம் அதிர்ஷ்டம்.

தியாகிகள் அலுவலகத்திலிருந்து அந்தத் தாளும் மறுபடி வந்திருக்கிறது. மூன்று வருடம் தகவல் இல்லாதவனை உயிர்த்தியாகி என்று எழுதி, வெறும் குழிக்கு மேல் ஒரு கல்லை வைத்துவிடலாமாம். முகாமில் பார்த்ததாக யாராவது சாட்சி சொன்னால் மட்டும் கைதி என்று பதிவார்களாம். ஆபான் மாதக் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீ புறப்பட்ட பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு ஸொக்ராவும் இன்னும் நாலு பெண்களும் வழக்கம்போல ஷாபூரைப் பார்க்க வந்தார்கள். நீ இல்லையென்று அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. வீடியோ பெட்டியைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, இராக் டிவியில் கைதிகளைக் காட்டியபோது பிடித்த அந்த ஒலிநாடாவைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். ஒலிநாடா என்று எழுதுகிறேன் பார், எனக்கு அந்தப் பேர்கூடச் சரியாக வருவதில்லை. கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு உள்ளே கரகரவென்று சத்தம். திறந்து பார்த்தால், நாடா குடல் சரிந்த மாதிரி வெளியே கொட்டிக் கிடந்தது.

கடைக்கு எடுத்துப் போகலாமா என்று ஸொக்ராவைக் கேட்டேன். “எந்தக் கடைக்கு? வீடியோ ரிப்பேர் பண்ணவன, தடை பண்ண பொருள்னு பெட்டியோட வண்டியில ஏத்திட்டுப் போனாங்களே, அந்தக் கடைக்கா? நீங்க இருபத்தாறு வருஷம் ஆபாதானில பம்பு கழட்டினவரு. இது சின்னப் பம்புன்னு நெனச்சுக்கங்க” என்றாள். சரியென்று நானே கழற்றினேன்.

கோளாறு பெரிதல்ல. பார்த்து முடித்த நாடாவைச் சுருட்டும் சக்கரத்தைத் தள்ளிவிட உள்ளே ஒரு சின்ன உருளை இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து கல்லாகி வழுக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நாடா வந்துகொண்டே இருக்கிறது, மறுபக்கம் வாங்குவார் இல்லை. பம்புக்குப் போடும் ரப்பர் வளையத்தில் அளவு சரியாக ஒன்று கிடைத்தது. வெந்நீரில் போட்டு இளக்கி மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. படம் படிக்கும் வட்ட உருளை அழுக்காக இருந்தது. துடைக்க ஸ்பிரிட் வேண்டுமென்று மருந்துக்கடைக்காரனைக் கேட்டால், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, “மெஷினுக்கா, தொண்டைக்கா?” என்கிறான். துணியில் பழுப்பாகத் தூள் வந்தது, ஏராளமாக. பாலைவனப் புழுதி எங்கேதான் போகாது என்று நினைத்து, துணியைத் தொட்டியில் உதறித் தண்ணீர் விட்டேன்.

முதலில் நம் நாடாவை வைத்துச் சோதிக்கவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது. நஸ்ரின் கல்யாண நாடாவைப் போட்டேன். உன் தம்பி இடுப்பை ஆட்டிக்கொண்டு மேசையைத் தள்ளிவிட்டது வரை பளிச்சென்று தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஷாபூரின் நாடாவை வெள்ளைத் துணியில் பரப்பி, கசங்கிய இடங்களை விரலால் நீவி, பென்சிலால் சுற்றி உள்ளே இழுத்தேன். ஒரு இடத்தில் மட்டும் நாடா மாறியிருந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். படம் பதிந்திருக்கும் பழுப்புப் பூச்சே இல்லை. அதன் வழியாக வெளிச்சம் வந்தது.

எஷ்ரத், உனக்கு எப்படிச் சொல்வேன். படத்தை நிறுத்தி வைத்தால் நாடாதான் நிற்கிறது. உள்ளே படம் படிக்கும் அந்த உருளை நிற்பதில்லை, அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே சுற்றுகிறது. ஊரெல்லாம் வியாழக்கிழமை அல்வாவோடு கல்லறைக்குப் போனபோது, என் பிள்ளைக்குக் கல்லறை கிடையாது, பார்க்கணும்னா இங்கே வாங்க என்று சொல்லி அவன் முகத்தை நிறுத்தி வைத்தாய். பெண்கள் அழுது முடிக்கும்வரை அரை மணி, ஒரு மணி. மூன்று வருட வியாழக்கிழமைகள். நான் தொட்டியில் கொட்டியது புழுதி இல்லை.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நீ இயந்திரம் தெரிந்தவள் இல்லை. நான் தெரிந்தவன். எந்தப் பொருள் எதில் உரசினாலும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன் என்று பேர் வாங்கியவன். அந்தச் சத்தம் ஒவ்வொரு வியாழனும் சமையலறை வரை எனக்குக் கேட்டது. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

யதுல்லா ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தான். ஸொக்ராவும் இருந்தாள். நானும் அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். “மூணு வருஷமா டீ ஊத்தினவரு, இன்னிக்குத்தான் சபைக்கு வந்திருக்காரு” என்று ஸொக்ரா குத்தினாள். வாங்கிக்கொண்டேன்.

படம் நன்றாகத்தான் ஓடியது. தலையில் கை வைத்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். திடீரென்று யதுல்லா சிரித்தான். “இது நஜஃப்! மஸ்ஜித் சுலைமான்காரன். எம் பக்கத்துப் பாயில படுத்தவன். இவன் குறட்டைக்கு இவன ஒதைக்காத நாளே கெடையாது. நல்லா இருக்கான், போன மாசம்கூடப் பார்த்தேன்.” அதற்கடுத்து, திரை முழுக்க வெள்ளைப் பொரி. பத்து நொடி. அதற்கடுத்து ஒரு ஒல்லிப் பையன். யதுல்லா சிரிப்பை நிறுத்தினான். “இவன் பேரு தெரியாது. மொத வருஷமே வயித்துப்போக்குல போயிட்டான். நாங்கதான் தூக்கினோம்.”

பிறகு என்னைப் பார்த்து, “நடுவுல யாரு?” என்றான்.

அவன்தான் என் மகன் என்றேன்.

மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னான். மூன்று முறையும் பொரிதான். ஷாபூரின் பள்ளிக்கூடப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். “அப்பா, அங்க யாருக்கும் இந்த முடியும் கெடையாது, இந்தக் கன்னமும் கெடையாது. பாதிப் பேரு பேரையே மாத்திச் சொல்லியிருப்பான். ஆமான்னு சொன்னாலும் பொய், இல்லன்னு சொன்னாலும் பொய். அடையாளம் சொல்லுங்க. இதுல அவன் எப்படி இருந்தான்? நெத்தியில காயமா, உதடு கிழிஞ்சிருந்துச்சா, காது எப்படி? நஜஃபுக்குப் பக்கத்துல உக்காந்தவன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு சொல்லுங்க போதும்.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எஷ்ரத். பெற்ற தகப்பன், ஒன்றும் தெரியவில்லை. ஸொக்ராவைக் கேட்டால், “அழகா இருந்தான், பாவம்” என்று அழுகிறாள்.

முதல் நாள் நீ திரையில் கை வைத்து, இவன்தான் என்று கத்தியபோது நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். மொட்டையடித்தால் இந்த வயதுப் பையன்கள் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்றேன். நாற்பது நாள் நீ என்னோடு பேசவில்லை. நான் அதற்குப் பிறகு ஒரு முறைகூட அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இல்லையென்று தெரிந்துவிடுமோ என்று பயம். இப்படிப்பட்ட கோழை நான். நீ என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், நானும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

யதுல்லா இன்னும் பத்து நாள் தெஸ்ஃபூலில் தன் அண்ணன் வீட்டில் இருப்பான். நாடாவில் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அடையாளம் சொன்னால் போதும், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நல்ல பையன். அலுவலகத் தாளில் உன் பதில் வரும்வரை நான் பேனா வைக்க மாட்டேன்.

ஆகையால் எனக்கு எழுது. கண் எந்தப் பக்கம் பார்த்தது, தாடி எவ்வளவு வளர்ந்திருந்தது, கழுத்தில் என்ன இருந்தது, சட்டைப் பொத்தான் எத்தனை போட்டிருந்தான், எல்லாம் எழுது. மாஷாஅல்லா சனிக்கிழமை திரும்புகிறான், அவன் கையிலேயே கொடுத்தனுப்பு. அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுது, ஆனால் ஒன்றையும் விட்டுவிடாதே. இந்த முறை நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ எழுதுவதுதான் என் பிள்ளையின் முகம். நான் அதைப் பார்க்க வேண்டும்.

பேரனுக்கு என் முத்தங்கள். இறைவன் உன் கண்களைக் காப்பாற்றட்டும்.

உன்,
கேராமத்