இடப்பக்கத்துப் படை ஏன் தோற்கிறது

அன்புள்ள மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு அச்சகத்தில் பகல் வேலையே போட்டிருக்கிறார்கள், முதுகுவலி பரவாயில்லை, சமையலறைக் குழாய்தான் சொட்டுவது நின்றபாடில்லை. ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே, அந்தக் கிழிந்த ஷூவைத் தூக்கிப் போடு. உன் தங்கை கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருக்கிறாள், நீயே புத்தி சொல்லி எழுது.

அண்ணா, அம்மா சொன்னது அதோடு முடிந்தது, இனி நான். அப்பா எழுந்துவிடக் கூடாதே என்று குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். கணக்கு மார்க் வந்த அன்றே அப்பா கம்ப்யூட்டருக்குப் புது பாஸ்வேர்டு போட்டார், பரீட்சைக்கு முன் நீ தொட்டால் அதை மேல்வீட்டு லாரிக்காரர் மகனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அப்பா என்ன போடுவார் என்று நீ சொன்னது சரியாக இருந்தது, அவர் தூங்கிய பிறகு திறக்கிறேன். அந்தப் படை விளையாட்டுக்கு நீ வரைந்து பாதியில் விட்டுப்போன மேப்பை நான் முடித்து, நீ சொன்ன அந்தப் போட்டிக்கு அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் ஆடிப் பார்த்துவிட்டு, இடப்பக்கத்துப் படை ஒவ்வொரு தடவையும் தோற்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் நீக்கிவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். முதலில் நான் அழகுக்காக மலை வைத்துக்கொண்டே போனேன், படை இடுக்கில் மாட்டிக்கொண்டு ஆட்டுமந்தை மாதிரி முட்டிக்கொண்டு நின்றது. இப்போது முதலில் பாதையைப் போட்டுவிட்டு அதைச் சுற்றித்தான் மேட்டை எழுப்புகிறேன். அப்படியும் இடப்பக்கம் தோற்றது. மேட்டை ஏற்றினேன், இறக்கினேன், காட்டை வெட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை.

இன்றைக்கு ராத்திரி அம்மா தண்ணீர் குடிக்க வந்தவள் பின்னால் நின்றுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. திட்டவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "இதுல யாருடி நம்ம ஆளு" என்றாள். ரெண்டு பேரும் சமம்மா, மேலே இடப்பக்கம் ஒருத்தன் வீடு, கீழே வலப்பக்கம் ஒருத்தன் வீடு, நடு ஆத்துத் திட்டுல தங்கம், ரெண்டு கரையிலிருந்தும் அதுக்கு ஒவ்வொரு பாலம், யார் முதல்ல போறாங்களோ அவங்களுக்கு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சமமாம் சமம், மேல இருக்கிறவன் பாலத்துக்கு அடிவரைக்கும் நடந்து சாகணுமா" என்றாள். அப்போதுதான் கண்ணில் பட்டது அண்ணா. உன் பாதியை அப்படியே தலைகீழாகச் சுற்றி மறுபாதி செய்த நான், பாலங்களை மட்டும் எதிரெதிரே இருந்தால் அழகு என்று கையால் வைத்திருக்கிறேன். இரண்டுமே கீழே, வலப்பக்கத்தான் வாசலுக்கு நேரே.

பாஸ்வேர்டு யார் சொன்னது என்று அம்மா கேட்டாள், அவளே ஊகித்துக்கொண்டு, "கடல் தாண்டிப் போயும் வால் அடங்கல அவனுக்கு" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா சண்டை எனக்கும் அவருக்கும்னு ஆயிடும். நான் அடுப்படியிலதான் இருப்பேன்" என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். இடப்பக்கத்துப் பாலத்தைத் தூக்கி மேலே வைக்க ஒரு நிமிஷம் போதும், கை மவுஸ் வரைக்கும் போனது, ஆனால் வைக்கவில்லை. காலையில் சொல்லிவிட்டு, அப்பா விட்டால் அவர் கண்ணெதிரேயே பாலத்தை மாற்றி வைக்கிறேன். விடாவிட்டால் கம்ப்யூட்டர் லாரிக்காரர் வீட்டுக்குப் போகும், மேப்பும் போகும்.

நீ சொல்லிக்கொடுத்ததை நானாகச் சொல்ல மாட்டேன், கேட்டால் பொய் சொல்லவும் வராது, திட்டு வந்தால் பாதி உனக்கு. அப்பாவுக்கு நீ முந்திக்கொண்டு போன் செய்யாதே. அம்மா தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னாள், அது முழுசாக உனக்கே. ஷூவை மறக்காதே.

அம்மாவுக்காகவும் தனக்காகவும்,
பயந்துபோன உன் தங்கை