நாலு பச்சை விளக்கு

ஜூன் 4, புதன்

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஓர் அம்மாவை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. வெளியே வந்ததும் லிஃப்ட் மெக்கானிக்கான எனக்குத்தான் திட்டு. ஏதோ நான் போய் மாட்டிவிட்ட மாதிரி. அதே கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த பெரியவர் வேறு. அங்கே தரைத்தளம் பூஜ்யம். அவர் ஒன்றை அழுத்திவிட்டு, கதவு திறந்ததும் தெருவைக் காணோமே என்று முழிக்கிறார். "பூஜ்யத்தை அழுத்துங்க சார்" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பழைய போன்கள், கேமரா கார்டுகள், ரெண்டு டிஸ்க் என்று டிராயரில் சிதறிக் கிடக்கிற படம், வீடியோ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஏற்றி, வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டப்போகிறேன். ஆகஸ்டில் அவளும் மகளும் அவளுக்குப் புது வேலை கிடைத்த ஊருக்குப் போனபிறகு அங்கே டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பதினொரு வருட வீடியோ. மகள் (வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள்) பிறந்த அன்றிலிருந்து.

"சரி, பண்ணுங்க" என்றாள். எப்போது முடியும் என்று கேட்கவில்லை. குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

ஜூன் 6, வெள்ளி

பழைய டிஸ்க், போன், கார்டு எல்லாம் ஒருநாள் வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். புது வேலைக்குப் பழைய சான்றிதழ் ஏதோ தேட வேண்டுமாம். லிஃப்ட் மோட்டாருக்கு எண்ணெய் விட்டதில் சட்டை நாசம்.

ஜூன் 9, திங்கள்

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். அவளுக்குக் கிடைத்தது மருந்தக மேலாளர் வேலை, நல்ல வேலை, போக வேண்டியதுதான். ஆனால் நானும் வருகிறேன் என்றபோது, "கொஞ்ச நாள் தனியா இருப்போம்" என்றாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்கு முன்பு நடந்த சண்டையில் சொன்னதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது: "நீங்க இந்த வீட்ல எதையாவது முழுசா முடிச்சிருக்கீங்களா?"

ஹாலில் அலமாரித் தட்டு மாட்டப் போட்ட மூன்று ஓட்டை இருக்கிறது. தட்டு இல்லை. தாழ்ப்பாள் ரெண்டு வருடமாகக் கயிறு. ஊரான் லிஃப்டை ஒரு மணி நேரத்தில் ஓட வைப்பேன். இதை மட்டும் ஒழுங்காக முடித்துவிட்டால்? ஒன்றே ஒன்று. அவள் பார்க்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

மூடப்போகிற அலுவலகம் ஒன்றில் தூக்கிப்போட இருந்த கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். டிஸ்குகள் சோடாபுட்டி கடையில். பெயருக்கேற்ற கண்ணாடி, ஆனால் ஆளுக்குத் தொழில் சுத்தம். நாலு டிஸ்க், அதில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

"அது சரி சார், ஒரு காப்பி வெளியில தனியா வெச்சுக்கோங்க" என்றான்.

"லிஃப்டுக்கு நாலு கம்பி போடறோம். ஒண்ணு அறுந்தா விழுந்துடுதா?" என்றேன்.

"ரெண்டு அறுந்தா?" என்றான். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் டிஸ்குகளில் ஒட்ட எண் எழுதித் தரச் சொல்லி அவளிடம் நீட்டினேன். என் கையெழுத்தே போதும். ஆனால் இதில் அவள் கையும் இருக்கட்டும் என்று ஓர் ஆசை. மருந்து டப்பாவில் எழுதுவாளே, அதே அழகான எழுத்தில் 1, 2, 3, 4. மேலிருந்து கீழாக அவளே ஒட்டினாள்.

ஜூன் 28, சனி

ஏற்றி முடித்தேன். திரையில் நாலு டிஸ்குக்கும் நாலு பச்சை விளக்கு.

டிவியில் முதலில் போட்டது சோப்பு வீடியோ. ஒன்றேகால் வயதில் வாலு சோப்பைக் கடித்துவிட்டு, துப்பவும் மனமில்லாமல் விழுங்கவும் முடியாமல் நிற்பது. பின்னால் என் குரல், "இங்க பாரு, இங்க பாரு". வாலு சோபாவில் உருண்டு சிரித்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையில் துண்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். சிரித்தாள். வாய்விட்டு. எவ்வளவு நாளாயிற்று!

பிறகு உள்ளே போய்விட்டாள். போகட்டும். சிரித்தாளா இல்லையா?

ஜூன் 29, ஞாயிறு

டிராயரைக் காலி செய்துவிட்டேன். பழைய டிஸ்குகள், போன்கள், கார்டுகள் எல்லாவற்றிலும் இருந்ததைத் துடைத்து அழித்து, சோடாபுட்டியிடம் தள்ளியாயிற்று. ஐந்து வருடமாக "அந்த டிராயரைக் கொஞ்சம் பாருங்க" என்பாள். திறந்து காட்டினேன். காலி டிராயரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜூலை 5, சனி

வீடியோ பாதியில் நின்றுவிட்டது. ஒரு விளக்கு சிவப்பு. அணைத்துப் போட்டால் பச்சை.

ஜூலை 9, புதன்

கேபிளை மாற்றினேன். சரியாகவில்லை. மின்சாரம் கொடுக்கும் டப்பாவை மாற்றினேன். ரெண்டு நாள் சமர்த்தாக இருந்துவிட்டு மறுபடி பழைய குருடி. செருப்பு அலமாரிக்குள் வைத்ததில் சூடாகிறதோ என்று எடுத்து, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்தேன். அங்கே ஃப்ரிட்ஜ் உறுமுகிறபோதெல்லாம் இதுவும் படுத்துக்கொள்கிறது. ரெண்டுக்கும் ஒரே பிளக். "அப்பா, பெட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் சண்டையா?" என்கிறாள் வாலு. வேறு அறைக்கு மாற்றினேன்.

உள்ளே ஒரு சத்தம். கிளிக், கிளிக். அணைத்துவிட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் இல்லை. பிறகு மறுபடி.

ஜூலை 19, சனி

சிவப்பு சிவப்பாகவே நின்றுவிட்டது. "டிஸ்க் 2 பழுது" என்று போடுகிறது. சரி, இதற்குத்தானே நாலு போட்டது. சோடாபுட்டிக்குப் போன் போட்டேன். பழையதைக் கொடுத்தால் புதிது தருவார்களாம், வாரண்டி இருக்கிறது. "ஆனா சுத்தமா துடைச்சுட்டுக் குடுங்க சார். வீட்டு வீடியோ யார் கைக்குப் போகுமோ" என்றான்.

பெட்டியை அணைத்து, 2 என்று ஒட்டியிருந்ததைக் கழற்றினேன். வீட்டு லேப்டாப்பில் மாட்டி, துடைக்கப் போட்டிருக்கிறேன். நாள் முழுக்க ஓடுகிறது. செத்த டிஸ்க் என்கிறார்கள். ஒரு முக்கல் முனகல் இல்லாமல் எழுதுகிறதே!

ஜூலை 21, திங்கள்

காலையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கி மாட்டினேன். போட்டேன். சிவப்பு ரெண்டு. எதுவும் திறக்க மாட்டேன் என்கிறது.

கிளிக் சத்தம் இன்னும் வருகிறது. செத்ததைத்தான் எடுத்தாயிற்றே, எங்கிருந்து? காதை வைத்துக் கேட்டேன். 3 என்று ஒட்டியதிலிருந்து.

திரையைப் பார்த்தேன். வரிசை அங்கே தெளிவாகப் போட்டிருக்கிறது. 0, 1, 2, 3. பெட்டிக்கு 2 என்றால், ஒட்டிய காகிதத்தில் 3.

மூன்று வாரமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 23, புதன்

பூஜ்யம். பதினெட்டு வருடமாக நான் அழுத்துகிற முதல் பொத்தானே பூஜ்யம்தான். அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்தேனே! அவருக்காவது மாடி மட்டும்தான் தப்பாயிற்று. நல்லா இருந்ததை எடுத்து, என் கையாலயே, ஒரு நாள் முழுக்க உக்காந்து துடைச்சிருக்கேன். பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு.

அவள் எழுதியது சரி. ஒட்டியது சரி. மனுஷர்கள் ஒன்றிலிருந்துதான் எண்ணுவார்கள். பெட்டி எப்படி எண்ணுகிறது என்று பார்க்க வேண்டியவன் நான்.

ஜூலை 26, சனி

சோடாபுட்டி ஓடி ஓடிக் கேட்டு, துடைத்த டிஸ்கைத் திரும்ப வாங்கி வந்துவிட்டான். பிரயோஜனமில்லை. துடைத்தது துடைத்ததுதான். ஆனால் ஒரு வழி சொன்னான். கிளிக் போடுகிறதே, அந்த டிஸ்கை எப்படியாவது ஒரே ஒரு தடவை படிக்க முடிந்தால், மற்ற ரெண்டோடு சேர்த்து மூன்றாகிவிடும், எல்லாம் வந்துவிடும். டிஸ்கைத் திறந்து பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறாராம். கொடுத்துவிட்டு வந்தோம்.

ஜூலை 30, புதன்

வாலு சோப்பு வீடியோ கேட்டாள். பெட்டி தூங்குகிறது என்றேன். "அப்பா, நான் என்ன ரெண்டு வயசுக் குழந்தையா?" என்றாள்.

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஹாலில் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றிலும் அந்த அழகான எழுத்து. சமையலறை. புத்தகம். வாலு துணி.

ஆகஸ்ட் 2, சனி

மெக்கானிக் டிஸ்கைத் திறந்து காட்டினார். கண்ணாடி மாதிரி தகடு. அதில் வட்டமாக ஒரு கீறல்.

"இந்தச் சத்தம் வந்தப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

பதினேழு தடவை. பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

"முதல் தடவையே விட்டிருந்தா எடுத்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் சுரண்டியிருக்கு." குற்றம் சொல்லுகிற தொனியில் சொல்லவில்லை. லிஃப்டில் மாட்டியவர்களிடம் நான் பேசுவதுபோலத்தான் பேசினார். கதவை உதைக்காமல் இருந்திருந்தால் சரியாகியிருக்கும் அம்மா, என்பேனே, அப்படி.

அவ்வளவுதான். வாலு நடந்தது, விழுந்தது, சோப்பைக் கடித்தது, அவள் சிரித்தது. ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன். தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். எண்ணைத் தப்பாகப் பார்த்தது, துடைத்தது, பதினேழு தடவை, எல்லாம். கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த தட்டை எடுத்தாள்.

"சரி, விடுங்க" என்றாள். "வாலுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதானா? நான் எதற்கெல்லாமோ தயாராக வந்து நின்றேன். "திட்டு" என்றேன். "திட்டி என்ன ஆகப்போகுது? சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? ஒரு தட்டையாவது என் மேல விட்டெறிஞ்சிருக்கலாம்ல? பதினொரு வருஷம் போச்சுன்னு நான் நிக்கறேன், சாப்பிட்டீங்களான்னு கேக்கறா. கோபம்கூட மிச்சமில்லையா?

ஆகஸ்ட் 14, வியாழன்

மச்சான் வண்டி எடுத்து வந்தார். அவளுடைய அண்ணன். என் தோளைத் தட்டினார். நல்ல மனுஷர். அட்டைப்பெட்டிகளை நானும் அவரும் லிஃப்டில் இறக்கினோம். லிஃப்ட் நன்றாக ஓடியது. நான் சரி செய்தது.

வாலு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பிறகு அவளாகவே விட்டாள்.

மனைவி வண்டியில் ஏறுவதற்கு முன் திரும்பினாள். "அலமாரில, வலது பக்கம், மேல் தட்டுல ஒண்ணு வெச்சிருக்கேன். அப்புறமா பாருங்க."

அப்புறம் என்றால் எப்போது? கடிதமாக இருக்குமோ?

ஆகஸ்ட் 15, வெள்ளி

அலமாரியைத் திறக்கவில்லை. கடிதம் என்றால் ரெண்டு விதமாகவும் இருக்கலாம். திறக்காதவரை ரெண்டும் உண்டு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடிதம் இல்லை. மருந்து போட்டுக் கொடுக்கிற காகிதக் கவர். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டது. உள்ளே ஒரு சின்ன டிஸ்க். கவர் மேல் அவள் எழுத்து:

எல்லாம் இருக்கு. பெட்டில போடாதீங்க. ஜூன் 6.

லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். இருக்கிறது. வருடவாரியாக, மாதவாரியாக. சோப்பு வீடியோ இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் எழுந்து ஆடியிருக்க வேண்டும். கொஞ்சம் அழுதேன் என்பதும் உண்மை. பிறகு இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜூன் 6. சான்றிதழ் தேட வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டு போனாள் என்று எழுதியிருக்கிறேன். சட்டை நாசம் என்று எழுதியிருக்கிறேன்.

நான் சொன்னது ஜூன் 4. "சரி, பண்ணுங்க" என்றது ஜூன் 4. ரெண்டே நாள். அப்போது ஒரு திருகாணிகூட நான் வாங்கவில்லை. ஒரு தப்பும் செய்யவில்லை. எண் எழுதி ஒட்டும்போதும் இந்தக் கவர் எங்கேயோ இருந்திருக்கிறது. காலி டிராயரைப் பார்த்தபோதும். துண்டோடு நின்று சிரித்தபோதும்.

அன்றைக்கு ஏன் கோபப்படவில்லை என்று இப்போது தெரிகிறது. எதிர்பார்த்துக்கொண்டிருந்தது நடந்தால் யாருக்குக் கோபம் வரும்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சோடாபுட்டியிடம் சொன்னேன். "தப்பிச்சீங்க சார்! அண்ணி கெட்டிக்காரங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் குளியலறைத் தாழ்ப்பாளை மாட்டினேன். பத்து நிமிட வேலை. ரெண்டு வருடம். இனி யாருக்கு?

வாலு பேசினாள். புதுப் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி அதிகமாம். "அப்பா, அம்மாகிட்டயும் எல்லா வீடியோவும் இருக்கு. நேத்து சோப்பு வீடியோ பாத்தோம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எதுலயுமே நீ இல்லப்பா. உன் குரல் மட்டும்தான் வருது" என்றாள்.

நான்தானே எடுத்தது, அதனால் என்றேன்.

பெட்டிக்குப் புது டிஸ்க் ரெண்டு மாட்டியாயிற்று. பழைய காகிதங்களை உரித்துவிட்டு, என் கோணல் எழுத்தில் 0, 1, 2, 3 என்று ஒட்டினேன். நாலு நாளாக இரவும் பகலும் ஓடுகிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. கிளிக் இல்லை, சூடு இல்லை. நாலு விளக்கும் பச்சை.

உள்ளே ஒன்றுமில்லை. கவர் அலமாரியில், வலது பக்கம், மேல் தட்டில், அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது.