மாஸ்டரிடம் மகன் சொன்னது

செவ்வாய்க்கிழமை, இரவு.

மகன் யட்டியாந்தோட்டை ஜிம்முக்குப் போய், இனி அம்மாவைச் சேர்க்க வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"லயத்துல வரிசையா இருக்குற அத்தனை வீடும் சிரிக்குதும்மா. விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்குறது?"

"முப்பது வருசமா றப்பர் பால் வாளியத் தூக்கிக்கிட்டு மலையில வழுக்குனேனே, அப்ப யாருடா பாத்தா?"

வாளி ஆடும், ஆளையே சாய்க்கும். உட்கார்ந்து காலால் தள்ளுகிற அந்த மெஷினில் பாரம் கம்பியோடு நேராகத்தான் போகும். முதுகு சாய்ந்திருக்கும், தொடை மட்டும் உழைக்கும். இரண்டு மாதமாகப் போகிறேன். இப்போது கக்கூசில் எழுந்து நிற்க மருமகளைக் கூப்பிடுவதில்லை. அது அவனுக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகள் முன்னால் அதை எப்படிச் சொல்வது?

நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே போவேன். சேர்க்க மாட்டேன் என்று மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.